கால் துள்ளினால் நரம்பு பிழைத்துவிட்டதா?

பெரம்பலூர், அரியலூர் பக்கம் மரத்திலிருந்து விழுந்தவர், கிணற்றில் தவறியவர், திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் வண்டியோடு சாய்ந்தவர் எனத் தண்டுவடம் அடிபட்டவர் வீட்டுக்கு வந்துபோகிறவர்கள் சொல்லும் யோசனை ஒன்றுண்டு: “கரண்ட் வைங்க, செத்த நரம்பு பொழைச்சுக்கும்.” தசைக்குக் கரண்ட் கொடுக்கும் மெஷின் வாங்க நகை அடகுக்குப் போகிறது.

வைத்ததும் தொடை துள்ளுகிறதே என்பார்கள். துள்ளும், தண்டுவடம் முற்றாக அறுந்தவருக்கும் துள்ளும். தண்டுவடத்திலிருந்து தசைக்கு வரும் நரம்பு பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கிறது. மூளையின் கட்டளைதான் அதுவரை வந்து சேரவில்லை. வீட்டிலிருந்து கிணற்று மோட்டாருக்குப் போகும் ஒயர் நடுவே அறுந்துகிடந்தாலும், கிணற்றடியில் தனியாக மின்சாரம் கொடுத்தால் மோட்டார் ஓடும். அதனால் ஒயர் ஒட்டிக்கொண்டதாக ஆகாது. இத்தாலிய விஞ்ஞானி கால்வானி செத்த தவளையின் காலையே துள்ளவைத்து, 1791இல் அதை எழுதியும் வைத்தார். கரண்ட் இல்லாதபோது கால் தானாக வெட்டி இழுப்பதையும் நல்ல சகுனம் என்கிறார்கள். அது பெரும்பாலும் தசை இறுக்கம்.

துள்ளாவிட்டால் கரண்டைக் கூட்டச் சொல்கிறார்களே, அதுதான் ஆபத்து. முதுகெலும்பின் இடுப்புப் பகுதியில் அடிபட்டவருக்குத் தசைக்கு வரும் நரம்பே சேதமாகியிருக்கலாம். சாதாரண மெஷினின் மின்துடிப்பு ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட நீடிப்பதில்லை. நரம்பிழந்த தசை அதற்கு அசையாது. கூட்டிக்கொண்டே போனால் உணர்ச்சியற்ற தோல் வெந்துபோகும், அவருக்கே தெரியாமல். கழுத்திலோ மேல்முதுகிலோ அடிபட்டவருக்கு இரத்த அழுத்தம் திடீரென எகிறவும் கூடும்.

வெளிநாட்டில் நடக்கிறார்களே? 1983இல் அமெரிக்காவில் நேன் டேவிஸ் என்ற மாணவி, கணினி இயக்கிய மின்தூண்டலோடு நடந்துபோய்ப் பட்டம் வாங்கினார். கரண்டை நிறுத்தினால் அந்த நடை இல்லை. இப்போது கைப்பேசியில் சுற்றும் வீடியோக்களில் பல வேறு வகை: அறுவை செய்து தண்டுவடத்தின் மேல் பதித்த கருவி, அதோடு மாதக்கணக்கான கடும்பயிற்சி. தொடையில் ஒட்டும் பட்டைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அதற்காகக் கரண்ட் வீண் என்று தள்ளுவதும் தவறு. மின்தூண்டலோடு சைக்கிள் மிதித்தால் கரைந்த தொடைத்தசை ஓரளவு திரும்புகிறது. தண்டுவடம் பகுதியாக அடிபட்டவர், தானே கையை நீட்ட முயலும் அதே நேரத்தில் தூண்டினால் கைப்பிடி தேறுவதுண்டு. முயற்சி அவருடையதாக இருக்கவேண்டும், டி.வி. பார்த்துக்கொண்டு பட்டை ஒட்டிப் படுத்திருப்பது இதில் சேராது. தசையும், பயிற்சியை விட்டால் மறுபடி கரைந்துவிடும்.

என்னைக் கேட்டால், அந்த நகைப் பணம் முதலில் போகவேண்டிய இடம் படுக்கைப்புண் வராமல் காக்கும் மெத்தையும், வேளாவேளைக்குச் சிறுநீர் எடுக்கும் குழாயும். புண்ணில் ஏறும் சீழும் சிறுநீரகத்துக்குப் போகும் தொற்றும் உயிரையே எடுக்கக்கூடியவை. பிசியோதெரபிக்கு 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே ஆள் வருகிறார்கள்; கேட்டு வாங்கவேண்டும்.

“நடந்தால்தானே மறுவாழ்வு?” என்பது கடைசிக் கேள்வி. வேலூர் சி.எம்.சி. மருத்துவர் மேரி வர்கீஸுக்கு 1954இல் கார் விபத்தில் கால்கள் செயலிழந்தன. சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். அவர் முயற்சியில் 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறந்தது. 1975இல் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981இல் ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்கான அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார்.