மத்தியஸ்தர் தீர்ப்பின் மேல் பிராது கொடுக்கலாமா?

திருப்பூரை அடுத்த மங்கலத்திலிருந்து ஒரு விசைத்தறிக்காரர் கடிதம் எழுதியிருக்கிறார். பாவும் ஊடை நூலும் கொடுத்துக் கூலிக்கு ஓட்டச் சொன்ன ஜவுளிக்காரர், துணியில் பழுது என்று கூலியை நிறுத்திவிட்டாராம். ஒப்பந்தத்தில் மத்தியஸ்தர் ஷரத்து ஒன்று இருந்தது. விஷயம் அவரிடம் போயிற்று. கூலி கிடையாது, நூலுக்கு நஷ்டஈடும் தறிக்காரரே கொடுக்கவேண்டும் என்று முடிந்துவிட்டது. "சிவில் கோர்ட்டில் பிராது கொடுத்து இந்தத் தீர்ப்பே செல்லாது என்று சொல்ல வைக்கலாம், மூன்று வருஷம் அவகாசம் இருக்கிறது என்று டீக்கடையில் ஒரு நண்பர் சொல்கிறார். நிஜந்தானா? தீர்ப்பு கைக்கு வந்து பத்து வாரம் ஆகிறது" என்று கேட்கிறார்.

ஐயா, அந்த நண்பரின் டீயைக் குடியுங்கள், யோசனையை விட்டுவிடுங்கள்.

தனியாக ஒரு சிவில் பிராது போட்டு மத்தியஸ்தர் தீர்ப்பை உடைக்க முடியாது. இது புதுச் சங்கதியும் அல்ல. 1940-ம் வருஷத்துச் சட்டத்தின் 32-வது பிரிவே அப்படிப்பட்ட வழக்குகளுக்குத் தடை போட்டிருந்தது. இப்போது அமலில் இருப்பது 1996-ம் வருஷத்துச் சட்டம். சட்டத்தில் சொல்லியிருக்கும் இடங்களைத் தவிர வேறு எங்கும் கோர்ட்டு தலையிடக் கூடாது என்கிறது அதன் 5-வது பிரிவு. 34-வது பிரிவு ஒரே ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. அது பிராது அல்ல, தீர்ப்பை ரத்துச் செய்யக் கோரும் மனு. அதையும் முனிசீப் கோர்ட்டில் கொடுக்க முடியாது. ஜில்லா நீதிமன்றத்திலோ, வியாபாரத் தகராறாக இருந்து தொகையும் 3 லட்சத்துக்குக் குறையாவிட்டால் வணிக நீதிமன்றத்திலோ கொடுக்க வேண்டும்.

அந்தக் கதவு மூன்று வருஷம் திறந்திருக்காது. மூன்றே மாதந்தான்! மத்தியஸ்தர் கையெழுத்திட்ட பிரதி உங்கள் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து கணக்கு ஆரம்பம். மார்ச் 3-ல் கிடைத்தால் ஜூன் 3 வரை. தக்க காரணம் காட்டினால் இன்னும் 30 நாள் கோர்ட்டு கொடுக்கலாம். அதற்குமேல் ஒரு நாள்கூடக் கிடையாது. இந்திய சர்க்காரே ஒரு கட்டடக் கம்பெனியுடன் நடந்த வழக்கில் காலம் கடந்து வந்து, 2001-ல் சுப்ரீம் கோர்ட்டில் தோற்றது. சர்க்காருக்கே அந்தக் கதி! அந்த 30-வது நாள் கோர்ட்டு விடுமுறையில் முடிந்தால்கூட, கோர்ட்டு திறக்கிற அன்று ஓடிப் போய்ப் பயனில்லை என்று 2025 ஜனவரியில் சொல்லிவிட்டார்கள். நல்லெண்ணத்தோடு தவறான கோர்ட்டில் கழித்த காலத்தைக் கணக்கிலிருந்து கழிக்க ஒரு வழி உண்டு என்பது வாஸ்தவம். ஆனால் தெரிந்தே தவறான கோர்ட்டுக்குப் போகிறவருக்கு அது உதவாது; இந்தப் பக்கத்தைப் படித்த பிறகு உங்களுக்கு எப்படி உதவும்?

சரி, மனுவில் என்ன சொல்வது? "மத்தியஸ்தர் சாட்சியைத் தப்பாக எடை போட்டார், பழுது நூலில்தான், தறியில் அல்ல" என்று சொன்னால் ஜட்ஜ் கேட்கமாட்டார். இது அப்பீல் அல்ல. உங்களுக்கு நோட்டீசு வரவில்லை, உங்கள் கட்சியைச் சொல்ல இடம் கொடுக்கவில்லை, ஒப்பந்தத்தில் இல்லாத விஷயத்தைத் தீர்த்தார், தீர்ப்பின் முகத்திலேயே சட்ட விரோதம் தெரிகிறது, இந்த மாதிரி இருக்கவேண்டும். "மோசடி நடந்தது, ஆகையால் பிராதுதான்" என்று சிலர் வாதிப்பார்கள். மோசடியாலோ லஞ்சத்தாலோ பெற்ற தீர்ப்பென்றால், அதைச் சொல்லும் இடமும் இதே 34-வது பிரிவுதான்.

தொகையைக் கூட்டவோ குறைக்கவோ சொல்லலாமா? இதில் நம் தமிழ்நாட்டு நிலக்காரர்களின் கதை ஒன்று உண்டு. நெடுஞ்சாலைக்கு நிலம் எடுத்தார்கள். சதுர மீட்டருக்கு 46 ரூபாய் 55 காசிலிருந்து 83 ரூபாய் 15 காசு வரை விலை வைத்தார்கள். மத்தியஸ்தரான கலெக்டரும் அதையே ஒப்புக்கொண்டார். ஜில்லா நீதிபதி மட்டும் 645 ரூபாயாக உயர்த்தினார். வழக்கு டில்லி வரை போயிற்று. ரத்துச் செய்யலாமே தவிர திருத்தக் கூடாது என்று 2021 ஜூலை 20-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லியது. ஆனாலும் நியாயத்தை உத்தேசித்து, அந்த ஜனங்களுக்குக் கிடைத்த உயர்ந்த விலையில் கை வைக்கவில்லை. சட்டத்தில் தோற்றார்கள், பணம் நின்றது!

பிறகு 2025 ஏப்ரல் 30-ல் ஐந்து நீதிபதிகள் உட்கார்ந்து இதை மறுபடி பார்த்தார்கள். எழுத்துப் பிழை, கணக்குப் பிழை, தீர்ப்புக்குப் பிந்திய வட்டி போன்ற சிலவற்றைக் கோர்ட்டு திருத்தலாம் என்றார்கள் நால்வர். ஐந்தாமவர், நம் கோவை சட்டக் கல்லூரியில் படித்த கே. வி. விசுவநாதன், 34-வது பிரிவில் திருத்தும் அதிகாரமே இல்லை என்று தனியே எழுதினார். எனக்கென்னவோ, கூட்டல் தப்பைத் திருத்த மறுபடி முதலிலிருந்து மத்தியஸ்தம் நடத்தச் சொல்வது ஏழையைத்தான் வாட்டும் என்று தோன்றுகிறது.

அப்படியானால் சிவில் பிராதுக்கு இடமே இல்லையா? இருக்கிறது. தீர்ப்பு கட்டுப்படுத்துவது அதில் கட்சியாக இருந்தவர்களையும் அவர்கள் வழி உரிமை கோருகிறவர்களையுந்தான். உங்கள் அண்ணன் தனியாகக் கையெழுத்துப் போட்டு நடத்திய மத்தியஸ்தத்தில், உங்களுக்கே சொந்தமான தறிக்கூடம் போய்விட்டதென்றால், நீங்கள் அந்நியர்; உங்கள் உரிமைக்கு நீங்கள் வழக்காடலாம். ஊர்ப் பெரியவர்கள் திண்ணையில் உட்கார்ந்து வாய்மொழியாகச் சொன்ன முடிவும் வேறு ஜாதி. எழுத்தில் ஒப்பந்தமும், கையெழுத்திட்ட தீர்ப்பும் இல்லாவிட்டால் அது இந்தச் சட்டத்தின் தீர்ப்பே அல்ல. மங்கலத்து நண்பரின் விவகாரம் இந்த இரண்டிலும் சேராது.

இன்னொன்று. மூன்று மாதம் கடந்தால் ஜவுளிக்காரர் அந்தத் தீர்ப்பை டிக்ரி மாதிரியே நிறைவேற்றலாம்; தறிகளை ஜப்தி செய்யக் கேட்கலாம். மனுப் போட்டுவிட்டதாலேயே அது நிற்காது. 2015-ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, தடை உத்தரவு தனியாகக் கேட்டு வாங்கவேண்டும். பணத்தைக் கட்டச் சொன்னாலும் சொல்வார்கள்.

பத்து வாரம் என்று எழுதியிருக்கிறீர்கள், ஐயா. கடிதம் எனக்கு வந்து, நான் எழுதி, அச்சாகி உங்களிடம் வருவதற்குள் இன்னும் இரண்டு வாரம் போயிருக்கும். தீர்ப்பு வந்த உறையைத் தேடி எடுங்கள். எந்தத் தேதியில் கையெழுத்துப் போட்டு வாங்கினீர்கள் என்று பாருங்கள். நாளைக்குக் காலையில் அதை எடுத்துக்கொண்டு திருப்பூருக்குப் பஸ் ஏறி ஒரு வக்கீலைப் பாருங்கள்.