போர்டே இல்லாத விமானச் சண்டை!

டாங்கியை அட்டையில் நகர்த்துவது சுலபம். விமானம்தான் படுத்தியெடுக்கும்; உயரத்தை எங்கே காட்டுவது? 1970-களில் அமெரிக்காவில் வந்த 'ரிக்டோஃபன்ஸ் வார்' ஆட்டத்தில் அதைத் தாளில் குறித்துவைக்க வேண்டும். 1977-ல் வந்த 'ஏர் வார்' இன்னும் மோசம். விதிகளைப் படித்து முடிப்பதற்குள் பொறுமை போய்விடும்.

1980-ல் ஆல்ஃபிரட் லியோனார்டி வடிவமைத்த 'ஏஸ் ஆஃப் ஏசஸ்', போர்டையே தூக்கிப் போட்டது. பகடைகூட உருட்ட வேண்டாம். ஆளுக்கொரு குட்டிப் புத்தகம்... ஒருவருக்கு ஜெர்மனியின் ஃபாக்கர், இன்னொருவருக்கு பிரிட்டனின் சாப்வித் கேமல். பக்கம்தோறும் விமானி இருக்கையிலிருந்து தெரியும் காட்சி.

எப்படித் திரும்புவது என்று மனதுக்குள் முடிவுசெய்து, அதற்குக் கீழே உள்ள எண்ணைச் சொல்ல வேண்டும். எதிராளி சொன்ன பக்கத்தைப் புரட்டி, அங்கே தன் திருப்பத்துக்கான எண்ணைப் பார்க்க வேண்டும். அட, இருவருக்கும் ஒரே எண்தான் வரும்! ஆனால் ஒருவர் படத்தில் எதிரி துப்பாக்கி முனையில். மற்றவர் படத்தில் அவன் வாலுக்குப் பின்னால். 223-ம் பக்கம் வந்தால், ஒருவரையொருவர் தொலைத்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

பழைய செட் வாங்குபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, இரண்டு புத்தகமும் இருக்கிறதா என்பதைத்தான். ஒன்று தொலைந்திருந்தால், மற்றது வெறும் படப் புத்தகம்.