கொல்லிமலைக் கிழங்கும் உயிரணுவின் அறைகளும்

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை, வல்வில் ஓரியின் மலை எனச் சங்கப் புலவர்கள் போற்றிய மலை. எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே செல்வோர், மிளகும் காப்பியும் பலாவும் செழித்த தோட்டங்களுக்கு அப்பால், விரல்களை விரித்தாற்போன்ற இலைகளுடன் ஆளுயரம் நிற்கும் ஒரு செடியை வயல்வயலாகக் காணலாம். அதுவே மரவள்ளி. குச்சிக்கிழங்கு என்றும் கப்பைக்கிழங்கு என்றும் ஊருக்கொரு பெயரால் நாம் அழைப்பது. மலையாளிப் பழங்குடி மக்கள் முன்னர் சாமையும் தினையும் கேழ்வரகும் விதைத்த சரிவுகளில் பெரும்பகுதியைக் கடந்த சில பத்தாண்டுகளில் இக்கிழங்கு பிடித்துக்கொண்டது. சமவெளியிலுள்ள ஜவ்வரிசி ஆலைகள் அதனை வாங்கிக்கொள்வதே முதற்காரணம்.

உயிரணு எவ்வாறு அமைந்துள்ளது, அது எவ்வாறு தன்னைக் காத்துக்கொள்கிறது என்பதை விளக்க இக்கிழங்கைவிடச் சிறந்த பாடப்பொருள் நம் சமையலறையில் இல்லை. ஆகவே இம்மாதம் அதனையே எடுத்துக்கொள்வோம்.

1665ஆம் ஆண்டில் இராபர்ட் ஹூக் என்னும் ஆங்கிலேயர் தக்கையின் மெல்லிய சீவலை நுண்நோக்கியில் வைத்துப் பார்த்தார். தேனடைபோல் சிறுசிறு அறைகள் தெரிந்தன. அவற்றுக்கு அவர் இட்ட பெயரே செல். அவர் கண்டதோ உயிர்நீங்கிய வெற்றுச் சுவர்களை மட்டுமே. தாவரங்கள் அனைத்தும் அணுக்களால் ஆனவை என்று 1838இல் ஷ்லைடனும், விலங்குகளும் அவ்வாறே என்று 1839இல் ஷ்வானும் அறிவித்தபின்னரே அவ்வறைகளுக்குள் நடக்கும் குடித்தனம் மெல்ல விளங்கலாயிற்று. தாவர அணுவுக்குச் செல்லுலோசால் ஆன வெளிச்சுவர் உண்டு. அதனுள்ளே மெல்லிய படலம், படலத்துக்குள் உட்கரு, உணவை எரித்து ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா என்னும் அடுப்புகள், நடுவே சாறு நிறைந்த பெரிய குமிழ்ப்பை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சுவர். இந்தத் தடுப்புகள் இல்லையேல் அணுவுக்கு வாழ்வில்லை.

மரவள்ளிக் கிழங்கின் அணுக்களில் மாவுமணிகள் நிரம்பிக் கிடக்கின்றன. நாம் உண்பது அவற்றையே. ஆயின் அதே அணுவின் குமிழ்ப்பைக்குள் லினமாரின் என்னும் பொருள் கரைந்திருக்கிறது. அதனைச் சிதைக்கும் நொதியோ வெளிச்சுவரில் தங்கியிருக்கிறது. இரண்டும் சந்திக்காதவரை தீங்கில்லை. எலியின் பல்லோ கத்தியின் முனையோ பட்டு அணு உடைந்ததும் இரண்டும் கலக்கின்றன. ஹைட்ரஜன் சயனைடு என்னும் கொடிய நஞ்சு பிறக்கிறது. செடி தன்னைத் தின்ன வருவோர்க்கு வைத்திருக்கும் பொறி இது. மரவள்ளி இலையைத் தின்ற ஆடு சற்று நேரத்தில் துடித்து விழுவதன் காரணம் இதுவே. இளஞ்சோளப் பயிரில் மாடு வாய்வைத்தால் உழவர் பதறுவதும் இதுபோன்றதொரு பொறியால்தான்.

அந்நஞ்சு உடலில் தாக்கும் இடமும் அணுவுக்குள்ளேயே இருக்கிறது. மைட்டோகாண்ட்ரியாவில் உயிர்வளியை ஏற்கும் நொதியை அது கட்டிப்போடுகிறது. இரத்தத்தில் உயிர்வளி நிறைந்திருந்தும் அணுவால் அதனைப் பயன்படுத்த இயலாது. அடுப்பில் விறகும் உண்டு, காற்றும் உண்டு, தீ மட்டும் பற்றவில்லை என்ற நிலை. சிறிதளவு நஞ்சாயின் நம் உடல் அதனை மாற்றி வெளியேற்றிவிடும். அதற்குக் கந்தகம் வேண்டும். கந்தகம் கிடைப்பது பருப்பு, மீன், முட்டை, இறைச்சி ஆகியவற்றின் புரதத்திலிருந்து. கேரளத்தார் கப்பைக்கு மீன்குழம்பைத் துணைசேர்ப்பது நாவுக்கு மட்டும் உகந்த ஏற்பாடன்று. பஞ்ச காலத்தில், சரிவரப் பதப்படுத்தாத கசப்பு மரவள்ளியையே வாரக்கணக்கில் உண்ட ஆப்பிரிக்க மக்களுக்குக் கால்கள் விறைத்து நடை குன்றும் கொன்சோ என்னும் நோய் வந்தது. காங்கோவில் 1938இல் அது பதிவாயிற்று. மொசாம்பிக்கில் 1981இல் பெருமளவில் தோன்றியது. பெரிதும் இரையானோர் குழந்தைகளும் தாய்மார்களுமே.

சகோதரிகள் அஞ்சவேண்டியதில்லை. நம் நாட்டில் உணவுக்கெனப் பயிரிடும் வகைகளில் இந்நஞ்சு குறைவு. எனினும் முறையறிந்து சமைப்பது நலம். தோலில் நஞ்சு மிகுதி. ஆகவே வெளித்தோலையும் அதனடியிலுள்ள தடித்த தோலையும் உரித்து எறிந்துவிடுக. சிறு துண்டுகளாக நறுக்கி நீரில் ஊறவிடுக. நறுக்கும்போது அணுக்கள் உடைந்து நொதி தன் வேலையைத் தொடங்கும். சயனைடு ஏறத்தாழ 26 பாகை வெப்பத்திலேயே ஆவியாகக் கூடியது; நீரிலும் எளிதில் கரையும். ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, நிறையப் புதுநீர் ஊற்றி, மூடாமல் வேகவைத்து, வடித்துவிடுக. பெருந்துண்டுகளை நேரே கொதிநீரில் இட்டால் நொதி வெந்து அழிந்துபோகும்; லினமாரின் சிதையாமல் கிழங்கிலேயே தங்கிவிடும். வாயில் வைத்ததும் கசக்கும் கிழங்கை எவ்வகையிலும் உண்ணலாகாது.

ஜவ்வரிசியில் இந்த அச்சம் மிகக் குறைவு. ஆலையில் கிழங்கை அரைத்துப் பாலெடுத்து, மாவைப் பலமுறை கழுவி, மணியாக்கி, வெப்பமூட்டி உலர்த்தும்போது நஞ்சு பெரும்பாலும் நீங்கிவிடுகிறது. அதனோடு மற்றச் சத்துகளும் போய், எஞ்சுவது வெறும் மாவு. நோயாளிக்கும் கைக்குழந்தைக்கும் ஜவ்வரிசிக் கஞ்சியையே முழு உணவாகக் கொடுப்போர் இதனை எண்ணிப் பார்க்கவேண்டும்.

அம்மலையில் மரவள்ளிக்கு இடம்விட்டு ஒதுங்கிய சாமையின் அணுவமைப்பும் வியப்புக்குரியது. அதன் இலையில் நரம்பைச் சுற்றி இரு வளையங்களாக அணுக்கள் நிற்கின்றன. வெளிவளையம் கரியமில வாயுவைப் பிடித்து உள்வளையத்துக்கு ஊட்ட, உள்வளையம் சர்க்கரை ஆக்குகிறது. நெல்லுக்கு இந்த ஏற்பாடு இல்லை. சாமை குறைந்த நீரில் விளைவதற்கு இது பெரிதும் துணைசெய்கிறது. இவ்வகைத் தாவரங்களின் வேதியியலை ஆஸ்திரேலியாவில் கரும்பை ஆராய்ந்த ஹேட்சும் ஸ்லாக்கும் 1966இல் விளக்கினர்.

இத்தனை இருந்தும் சாமை ஒதுங்கியதற்குப் பணப்பயிரின் வருவாயோடு பெண்களின் கைவலியும் ஒரு காரணம் என்பேன். உமியின் அணுக்களில் சிலிக்கா படிந்து கடினமாகிவிடுவதால், உரலில் மணிக்கணக்காகக் குத்தினால்தான் அரிசி கிட்டும். 1988இல் தொடங்கப்பெற்ற எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இதனை உணர்ந்து, மலையூர்களில் உமிநீக்கும் இயந்திரங்களையும் விதை வங்கிகளையும் ஏற்படுத்த உதவியது. ஐக்கிய நாடுகள் அவை 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபின் நகரத்துக் கடைகளிலும் சாமைக்கு மதிப்பு கூடியிருக்கிறது. வாங்குவோர் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: புரதமும் கொழுப்பும் நிறைந்த அணுக்கள் அரிசியின் மேலடுக்கில் இருக்கின்றன. பளிச்சென்று வெளுக்கத் தீட்டிய சாமையில் அவ்வடுக்கு இராது. சற்றே மங்கிய பழுப்பு நிறத்ததைக் கேட்டு வாங்குக.