அக்டோபரில் வரும் நூறு டாலர்

தேர்தல் ஆண்டில் அக்டோபர் பிறந்தால் நம் எல்லோருக்கும் திடீரென்று ஜனநாயகத்தின் மீது அக்கறை வந்துவிடும். வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒரு லிங்க் போடுவார்கள். "வாக்காளர்களுக்கு உதவும் அமைப்பு, எந்தக் கட்சியையும் சாராதது, முடிந்ததைக் கொடுங்கள்" என்று எழுதியிருக்கும். நாமும் ஐம்பதோ நூறோ அனுப்பிவிட்டு, நம் கடமை முடிந்தது என்று நிம்மதியாக இருப்போம்.

கொடுப்பது நல்ல காரியம்தான். ஆனால் அந்த மாதத்தில் போய்ச் சேரும் பணத்தால் செய்யக்கூடிய வேலை மிகக் குறைவு. அதே நூறு டாலரை பிப்ரவரியில் கொடுங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. தேர்தலே இல்லாத ஆண்டில் கொடுத்தால் இன்னும் நல்லது.

முதலில், எந்த வேலையைப் பற்றிப் பேசுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 501(சி)(3) என்ற வரிப் பிரிவில் பதிவான தொண்டு நிறுவனங்கள் எந்த வேட்பாளரையும் ஆதரிக்கவோ எதிர்க்கவோ கூடாது. 1954 முதல் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் வாக்காளர்களைப் பதிவு செய்யலாம். பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க உதவலாம். எங்கே, எப்படி வாக்களிப்பது என்று சொல்லித் தரலாம். வாக்குச்சாவடியில் பிரச்சினை வந்தால் கூப்பிட ஒரு ஹாட்லைன் நடத்தலாம். நம் ஊர்த் தமிழ்ச் சங்கங்கள் பலவும் இதே 501(சி)(3) பிரிவில்தான் இருக்கின்றன. அவையும் இந்த வேலையைச் செய்யலாம்.

இனி காலண்டரைப் பாருங்கள். இந்த ஆண்டு இடைத்தேர்தல் நவம்பர் 3. ஆனால் டெக்சாஸ், ஜார்ஜியா போன்ற மாநிலங்களில் அக்டோபர் 5-ம் தேதியே பதிவு முடிந்துவிடுகிறது. வெளிநாட்டில் இருக்கும் குடிமக்களுக்கும் ராணுவத்தினருக்கும் 45 நாள் முன்பே, அதாவது செப்டம்பர் 19-க்குள், வாக்குச்சீட்டை அனுப்பிவிட வேண்டும். வாக்காளர் பட்டியலிலிருந்து மொத்தமாகப் பெயர்களை நீக்கும் வேலையைத் தேர்தலுக்கு 90 நாள் முன்பே நிறுத்திவிட வேண்டும் என்கிறது 1993-ம் ஆண்டின் தேசிய வாக்காளர் பதிவுச் சட்டம். அதனால் அப்படி நீக்கப்பட வேண்டிய பெயர்கள் ஆகஸ்ட் தொடக்கத்துக்கு முன்பே போய்விடும். கட்சிகளின் முதல்நிலைத் தேர்தலோ டெக்சாஸில் மார்ச் 3, ஜார்ஜியாவில் மே 19.

இந்தத் தேதிகளோடு நம் அக்டோபர் நன்கொடையை வைத்துப் பாருங்கள். பணம் கைக்கு வரும்போது பதிவுக்கான கதவு பல மாநிலங்களில் மூடிவிட்டது, அல்லது மூடப்போகிறது. மிச்சம் இருப்பது விளம்பரம், குறுஞ்செய்தி, தொலைபேசி அழைப்பு. ஏற்கெனவே பட்டியலில் இருப்பவருக்கு நினைவூட்ட அவை உதவும். பட்டியலில் இல்லாதவருக்கு எந்தப் பயனும் இல்லை.

சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவர்களுக்கு இது நன்றாகவே புரியும். கோ-லைவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது பட்ஜெட்டை இரட்டிப்பாக்கினால் என்ன நடக்கும்? புதிதாக எடுத்த பத்துப் பேருக்குச் சொல்லிக் கொடுப்பதிலேயே பழைய ஆட்களின் நேரம் போய்விடும். தேர்தல் தேதியையோ ஒரு நாள்கூடத் தள்ளிப்போட முடியாது.

தாமதத்தின் விலை என்ன என்பதற்கு 2018 ஜார்ஜியா ஒரு நல்ல உதாரணம். அப்போது அங்கே, பதிவு விண்ணப்பத்தில் இருக்கும் விவரம் அரசின் மற்ற ஆவணங்களோடு அப்படியே பொருந்த வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. ஓர் எழுத்தோ ஒரு ஹைபனோ மாறினாலும் சிக்கல் வரலாம். தேர்தலுக்குச் சில வாரம் முன்பு சுமார் 53,000 விண்ணப்பங்கள் நிலுவையில் இருந்தன. அவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். அந்தப் பட்டியலிலேயே சுமார் 3,000 பேர் குடியுரிமை குறித்த சந்தேகத்தில் நிறுத்தப்பட்டவர்கள். ஓட்டுநர் உரிமம் வாங்கிய காலத்தில் கிரீன் கார்டில் இருந்தவர், பிறகு சிட்டிசன் ஆகியிருப்பார். உரிம அலுவலகத்தின் கணினியில் மட்டும் பழைய தகவல் அப்படியே கிடக்கும்.

இது யாருடைய கதை என்று தெரிகிறதா? நம் அப்பா அம்மாக்கள் வந்த வழியே இதுதான். எச்-1பி-யில் வந்து, முதல் மாதமே உரிமம் எடுத்து, பத்துப் பதினைந்து வருடம் கழித்து சிட்டிசன் ஆனவர்கள். போதாததற்கு நம் பெயர்கள் வேறு. இனிஷியல் எங்கே போகும், அப்பா பெயர் கடைசிப் பெயரா நடுப்பெயரா, பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருந்ததால் விசாவில் விழுந்த 'எஃப்.என்.யூ' இன்னும் எந்தெந்த ஆவணத்தில் இருக்கிறது என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு புராணம் உண்டு.

ஜார்ஜியா வழக்கில், குடியுரிமைச் சந்தேகத்தில் நிறுத்தப்பட்டவர்கள் வாக்குச்சாவடியிலேயே சான்றிதழைக் காட்டி வாக்களிக்கலாம் என்று கூட்டாட்சி நீதிபதி எலினோர் ராஸ் உத்தரவிட்டார். அது நவம்பர் 2. தேர்தல் நவம்பர் 6. நடுவில் மூன்றே நாள், அதில் இரண்டு நாள் சனி, ஞாயிறு. அந்த 3,000 பேருக்கும் யார் போய்ச் சொல்வது? அவர்களுடைய மொழி பேசுகிற, அவர்கள் நம்புகிற, ஏற்கெனவே சம்பளம் கொடுத்து வைத்திருக்கிற ஆட்கள் இருந்தால்தான் முடியும். அந்த ஆட்களை நவம்பர் 2-ம் தேதி போய்த் தேட முடியாது. அடுத்த ஆண்டே அந்த விதியைப் பெரும்பாலும் தளர்த்திவிட்டார்கள். ஆனால் அந்த வார இறுதி சொன்ன பாடம் இன்றைக்கும் பொருந்தும்.

ஆட்களைத் தயார் செய்வதற்கே எவ்வளவு காலம் ஆகும் என்பதையும் பாருங்கள். டெக்சாஸில் இன்னொருவரின் பதிவுப் படிவத்தை வாங்கி ஒப்படைக்க வேண்டுமானால், அவர் வசிக்கும் கவுண்டியில் நீங்கள் தன்னார்வப் பதிவாளராக நியமனம் பெற வேண்டும். பக்கத்துக் கவுண்டிக்காரரைப் பதிவு செய்ய அங்கே தனி நியமனம். அதுவும் ஒவ்வொரு இரட்டைப்படை ஆண்டின் டிசம்பர் 31-ம் தேதியோடு காலாவதியாகிவிடும். பிறகு முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

நம் கூட்டங்களில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. பொங்கல் விழாவில் ஒரே மேஜையில் சிட்டிசனும், கிரீன் கார்டுக்காரரும், எச்-1பி-யில் இருப்பவரும் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பயிற்சி இல்லாத ஒருவர் ஆர்வத்தில் எல்லோரிடமும் படிவத்தை நீட்டினால் என்ன ஆகும்? குடிமகன் இல்லாத ஒருவர் தெரியாமல் "நான் குடிமகன்" என்ற கட்டத்தில் டிக் போட்டுக் கையெழுத்திட்டால், அவர் இந்த நாட்டை விட்டே போக வேண்டிய நிலை வரலாம். முதலில் எதைக் கேட்க வேண்டும், யாரிடம் படிவத்தைக் கொடுக்கவே கூடாது என்று கற்றுத் தந்த பிறகுதான் ஒருவரை மேஜையில் உட்கார வைக்க வேண்டும். அவசர அவசரமாகச் செய்யக்கூடிய வேலை இல்லை இது.

"எந்தத் தொகுதியில் போட்டி கடுமை என்று தெரிந்த பிறகு கொடுத்தால்தானே பயன்?" என்று சிலர் கேட்பார்கள். கட்சிக்குக் கொடுப்பவர் அப்படி யோசிக்கலாம். கட்சி சார்பற்ற வேலைக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. போட்டி கடுமையான இடத்துக்கு மட்டும், கடைசி நேரத்தில் மட்டும் பணம் பாய்ந்தால், அது சார்பற்றது என்று யார் நம்புவார்கள்?

2020-ல் மார்க் ஸக்கர்பெர்க் தம்பதியர் தேர்தல் அலுவலகங்களுக்கு உதவ, இரண்டு தொண்டு நிறுவனங்கள் வழியாக 40 கோடி டாலர் கொடுத்தார்கள். அறிவிப்பு வந்தது செப்டம்பரிலும் அக்டோபரிலும். கொரோனா நேரத்தில் தேவை உண்மையாகவே இருந்தது. ஆனாலும் அந்தப் பணத்தைச் சுற்றி எழுந்த சந்தேகம் அடங்கவில்லை. இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் இப்படிப்பட்ட தனியார் பணத்துக்குத் தடையோ கட்டுப்பாடோ கொண்டுவந்தன. விஸ்கான்சின் 2024 ஏப்ரலில் மாநில அரசியல் சாசனத்தையே திருத்தியது. முன்னதாகவே கொடுத்திருந்தால் சர்ச்சையே வந்திருக்காது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எல்லோரும் டென்ஷனாக இருக்கும் நேரத்தில் வருகிற பெரிய பணத்தை யாரும் நிதானமாகப் பார்ப்பதில்லை.

இதை வரிச் சட்டம் எப்போதோ யோசித்துவிட்டது. தனியார் அறக்கட்டளைகள் வாக்காளர் பதிவு வேலைக்கென்று தரும் பணத்துக்கு 1969 முதல் கடுமையான நிபந்தனைகள் உண்டு. அந்த வேலை கட்சி சார்பற்றதாக இருக்க வேண்டும், ஐந்து மாநிலங்களிலாவது நடக்க வேண்டும், ஒரே ஒரு தேர்தல் காலத்தோடு நின்றுவிடக் கூடாது. பெரிய நன்கொடையாளர்கள் சிலரும் இதை உணர்ந்திருக்கிறார்கள். 2024-ல் டெமாக்ரசி ஃபண்ட் என்ற அறக்கட்டளை, தேர்தல் தொடர்பான நிதியை ஏப்ரல் முடிவதற்குள் கொடுத்துவிடுங்கள் என்று மற்றவர்களைக் கேட்டுக்கொண்டது.

நாம் கோடீஸ்வரர்கள் இல்லை. ஆனாலும் நாம் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

ஒன்று, மொத்தமாக நூறு கொடுப்பதற்குப் பதில் மாதம் எட்டு டாலர் கொடுங்கள். ஒற்றைப்படை ஆண்டிலும் நிறுத்தாதீர்கள். அடுத்த மாதம் பணம் வரும் என்று தெரிந்தால்தான் ஒரு சின்ன அமைப்பு ஓர் ஆளை வேலைக்கு வைக்கும்.

இரண்டு, உங்கள் கம்பெனி நன்கொடைக்கு ஈடாகப் பணம் போடுமா என்று பாருங்கள். அந்தப் பணம் போய்ச் சேரப் பல வாரம் ஆகலாம். செப்டம்பரில் விண்ணப்பித்தால் தேர்தல் முடிந்த பிறகுதான் சேரும்.

மூன்று, கொடுக்கும் முன் அமைப்பிடம் கேளுங்கள்: தேர்தல் முடிந்த அடுத்த ஜனவரியில் உங்களிடம் எத்தனை பேர் வேலையில் இருப்பார்கள்? பதில் தெளிவாக இருந்தால் அங்கே கொடுங்கள்.

நான்கு, உங்கள் சங்கத்தில் பேசுங்கள். ஆங்கிலம் படிக்கத் தெரியாத சிட்டிசன் பாட்டி, தனக்குப் பிடித்த ஒருவரை வாக்குச்சாவடிக்குள் உதவிக்கு அழைத்துப் போகலாம் என்று வாக்குரிமைச் சட்டத்தின் 208-ம் பிரிவு சொல்கிறது. பாட்டியின் முதலாளியும் தொழிற்சங்க நிர்வாகியும் தவிர வேறு யாராகவும் இருக்கலாம். பேரனோ பேத்தியோ போகலாம். இது எத்தனை பாட்டிகளுக்குத் தெரியும்? இதைத் தமிழில் ஒரு பக்கத்தில் அச்சடித்துச் சித்திரை விழாவில் கொடுக்க எவ்வளவு செலவாகிவிடும்?

உங்களுக்குப் பிடித்த கட்சிக்கு அக்டோபரில் தாராளமாகக் கொடுங்கள். அது உங்கள் உரிமை. ஆனால் யாருக்கு வாக்களித்தாலும் சரி, வாக்களிக்க எல்லோருக்கும் வழி இருக்க வேண்டும் என்று நினைக்கிறவர் நீங்கள் என்றால், அந்த நூறு டாலரை இந்த மாதமே அனுப்பிவிடுங்கள்.