பதுளையின் விஞ்ஞான பீடமும் தோட்டப் பாடசாலைகளும்

ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் 2005 இல் நாட்டின் பதினான்காவது தேசியப் பல்கலைக்கழகமாகப் பதுளையில் நிறுவப்பட்டது. அதன் தொடக்கப் பீடங்களுள் ஒன்று விஞ்ஞான தொழில்நுட்ப பீடம். பின்னர் அது பிரயோக விஞ்ஞான பீடம் எனப் பெயர் மாறியது.

கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி 1921 இலேயே தொடங்கிவிட்டது. யாழ்ப்பாண வளாகம் 1974 இல் வந்தது. தேயிலையை இறக்குவதற்கான ரயில் பாதை பதுளையை எட்டியது 1924 இல். பல்கலைக்கழகம் வந்து சேர மேலும் எண்பது ஆண்டுகள் பிடித்தன.

தாமதமாக வந்ததால் பழைய பீடங்களின் அச்சை அது பின்பற்றவில்லை. பௌதிகவியல், இரசாயனவியல், தாவரவியல், விலங்கியல் என்று பிரியாமல், கணினி விஞ்ஞானமும் தொழில்நுட்பமும், கைத்தொழில் தகவல் தொழில்நுட்பம், கனிய வளங்களும் தொழில்நுட்பமும் எனத் தொழில்துறையை நோக்கியே பட்டப்படிப்புகள் அமைந்தன. மூலப்பொருளை அப்படியே ஏற்றுமதி செய்யாமல் பெறுமதி சேர்ப்பதே பல்கலைக்கழகத்தின் அறிவிக்கப்பட்ட இலக்கு. முதல் உபவேந்தர் சந்திரா எம்புல்தெனிய வர்த்தகத் துறையிலிருந்து வந்தவர் என்பதையும் இங்கே நினைவிற்கொள்ளலாம்.

தேயிலைத் தொழில்நுட்பப் பட்டம் இந்தப் பீடத்தில் இல்லை. விலங்கு விஞ்ஞான, ஏற்றுமதி விவசாய பீடத்தில் இருக்கிறது. நிர்வாக வசதிக்கு அது சரியாக இருக்கலாம். ஆனால் ஊவாத் தேயிலையின் புகழ் முழுக்க முழுக்க இரசாயனவியல் சார்ந்தது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை, தென்மேல் பருவக்காற்று மலையைத் தாண்டி வறண்ட காற்றாக இறங்கும்போது கொழுந்தின் வளர்ச்சி மந்தமாகி, மெதைல் சலிசிலேற்று போன்ற நறுமணச் சேர்மங்கள் மிகுகின்றன. இதைவிட நல்ல ஆய்வுப்பொருள் ஓர் இரசாயனவியல் மாணவனுக்கு வேறு எங்கே கிடைக்கும்?

அந்த மாணவன் யார் என்பதே சிக்கலான கேள்வி. இலவசக் கல்வி 1945 இல் வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதன் ஓரத்திலேயே நின்றன. 1970களில் தோட்டங்கள் தேசியமயமான பின்னரே அவை அரசின் கைக்கு வந்தன. உயர்தரத்தில் கணிதமோ உயிரியலோ தமிழில் கற்கப் பதுளை சரஸ்வதி, பசறை, பண்டாரவளை போன்ற ஊர்களின் பெரிய பாடசாலைகளையே லயத்துப் பிள்ளைகள் நம்பியிருக்கிறார்கள். ஆசிரியர் பற்றாக்குறை அங்கும் உண்டு.

பல்கலைக்கழக அனுமதியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கான 5 சதவீத ஒதுக்கீட்டில் பதுளையும் அடங்கும். ஆனால் வெட்டுப்புள்ளி முழு மாவட்டத்துக்கும் ஒன்றே. பதுளை நகரில் பிரத்தியேக வகுப்புக்குப் போகும் மாணவனும் தோட்டத்திலிருந்து நடந்து வரும் மாணவியும் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள். அனுமதி பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கையில் இருப்பதால் பீடத்தைக் குறைகூறுவது நியாயமாகாது.

குறை உயர்தர வகுப்பிலேயே தொடங்குகிறது. தோட்டத்தை அண்டிய தமிழ்ப் பாடசாலைகளில் விஞ்ஞானப் பிரிவைத் திறந்து, ஆசிரியர்களை நியமிப்பது மாகாணக் கல்வி அமைச்சின் பொறுப்பு. பசறை வீதியில் உள்ள தன் ஆய்வுகூடங்களை விடுமுறை நாட்களில் அந்த மாணவர்களுக்குத் திறந்துவிடப் பீடமும் முன்வர வேண்டும்.