பர்லியார் ரைடுக்கு 12,000 ரூபாய் ஹெல்மெட் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு சின்ன கணக்கு

கோயம்புத்தூர்ல வேலை. லீவு கிடைச்சா மேட்டுப்பாளையம், கல்லார், பர்லியார் வழியா குன்னூர். நடுவுல கொஞ்சம் மண் ரோடு. இதுக்காகவே ஆன்-ரோடு, ஆஃப்-ரோடு ரெண்டுக்கும் ஆகும்னு, நெத்தியில பீக் வச்ச அட்வென்ச்சர் ஹெல்மெட்டை இஎம்ஐ-ல வாங்குறாங்க. என் கருத்து, பெரும்பாலான சம்பளக்காரர்களுக்கு அது வேண்டாத செலவு.

வருஷத்துல 240 நாள் ஆபீஸ், 10 நாள் மலைன்னு வைங்க. அதுல மண் ரோடு 3 நாள் இருக்குமா? பர்லியாரைச் சுத்தி வனத்துறை நிலம், இல்லன்னா தனியார் எஸ்டேட். அனுமதி இல்லாம வண்டியை இறக்கவே கூடாது. அந்த 3 நாளுக்காக மீதி 247 நாளும் பீக்கைச் சுமக்கணும். ஹைவேல வேகம் கூடினா அது காத்தைப் பிடிச்சு தலையை இழுக்கும். மோட்டோகிராஸ் ஹெல்மெட்ல வைசரே இருக்காது, காகில்ஸ் தனிச்செலவு. மேல ஏற ஏற மழையும் பனிமூட்டமும் வரும். அதுக்கு கிளியர் வைசர் இருக்கிற ஃபுல்-ஃபேஸ் போதும். மாசாமாசம் மண்ணுல ஓட்டுறவங்களுக்கு மட்டும் கணக்கு வேற.

இப்போ முக்கியமான விஷயம். முன்னாடி 12,000 ரூபாய் ஹெல்மெட், பின்னாடி உட்கார்றவங்க தலையில ரோட்டோரம் வாங்கின 400 ரூபாய் பிளாஸ்டிக் தொப்பி. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 129 ரெண்டு பேருக்கும்தான். மீறினா 1,000 ரூபாய் அபராதம், லைசென்ஸும் 3 மாசம் போகும். அதைவிடப் பெருசு, 15 லட்ச ரூபாய் கட்டாய தனிநபர் விபத்துக் காப்பீடு ஓனர்-டிரைவருக்கு மட்டும். பின்னாடி இருக்கிற உங்க மனைவிக்கோ தம்பிக்கோ அதுல ஒரு ரூபாய் கிடைக்காது.

அதனால 4,000 ரூபாய்ல ரெண்டு ஃபுல்-ஃபேஸ் வாங்குங்க. மிச்சம் 4,000 எமர்ஜென்சி ஃபண்டுக்குப் போகட்டும்.

கடையில பார்க்க வேண்டியது மூணு:

1. ஐஎஸ்ஐ முத்திரை, ஐஎஸ் 4151. 2021 ஜூன் 1-லிருந்து இது இல்லாம விற்கவே கூடாது.
2. கன்னத்தை நல்லா இறுக்கிப் பிடிக்கணும். ஸ்ட்ராப் போட்டுட்டு பின்னாடியிருந்து மேல தள்ளினா கழண்டு வரக்கூடாது.
3. கிளியர் வைசர். பனியில கறுப்பு வைசர் ஆபத்து.

ஒருதடவை பலமா அடிபட்டா உள்ள இருக்கிற தெர்மாகோல் நசுங்கிடும், ஹெல்மெட்டை மாத்தியே ஆகணும். 4,000 ரூபாய்னா மாத்திடுவீங்க. 12,000 கொடுத்து வாங்கினதைத் தூக்கிப்போட மனசு வருமா?

அடுத்த ரைடுக்கு முன்னாடி பின் சீட்டு ஹெல்மெட்டை ஒருதடவை எடுத்துப் பாருங்க. வாங்க வேண்டியது அதுவாத்தான் இருக்கும்.