சும்மா ஒரு நடை

ஒரு பெண் காலையில் காலணி மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டினால் வீட்டுக்குள்ளிருந்து ஒரு கேள்வி வரும்: "எங்கே கிளம்பிட்டே?" ஈரச்சந்தைக்கு என்றால் சரி. கோயிலுக்கு என்றால் சரி. பிள்ளையைத் துணைப்பாட வகுப்பில் விட என்றால் ரொம்பச் சரி. "சும்மா நடந்துட்டு வரேன்" என்றால்தான் புருவம் உயரும். அதைச் சமாளிக்க நம்மில் பலர் மருத்துவரைத் துணைக்கு அழைத்துக்கொள்கிறோம். "சர்க்கரைக்கு நடக்கச் சொல்லியிருக்காரு" என்றுவிட்டால் மறுபேச்சு இருக்காது.

வீட்டு ஆண்கள் காப்பிக்கடையில் ஒரு தே ஓவை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தால் யாரும் காரணம் கேட்பதில்லை. குறையாகச் சொல்லவில்லை, அவர்களுக்கு அந்த ஓய்வு வேண்டியதுதான். அதே ஓய்வை நாமும் காரணம் காட்டாமல் எடுத்துக்கொள்ளலாமே என்பதுதான் இந்த வாரப் பேச்சு.

எங்கள் புளோக்கிலும் பக்கத்துப் புளோக்குகளிலுமாக ஏழு பெண்கள் மாதத்தில் இரண்டு ஞாயிறு சேர்ந்து நடக்கிறோம். மூத்தவருக்கு 68 வயது. இளையவர் 27 வயது, வங்கியில் வேலை. எங்களுக்கு விதிமுறைகள் இரண்டே இரண்டு. வேகமாக நடப்பவர் மெதுவாக நடப்பவருக்காகக் காத்திருக்க வேண்டும். எத்தனை அடி நடந்தோம் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்து அறிவிக்கக்கூடாது. வாரம் முழுக்க அலுவலகத்திலும் அடுப்படியிலும் இலக்கை எட்டிக்கொண்டுதானே இருக்கிறோம்? நடையிலுமா?

புதிதாக வருபவர்களை நாங்கள் முதலில் அழைத்துப்போவது பழைய ரயில் பாதைக்கு. மலேசிய ரயில்கள் 2011 ஜூன் 30 வரை தஞ்சோங் பகார் நிலையம் வரை ஓடின. மறுநாளிலிருந்து உட்லண்ட்சோடு நின்றுவிட்டன. தண்டவாளங்கள் அகற்றப்பட்ட அந்த 24 கிலோமீட்டர் நிலம்தான் இன்று ரயில் காரிடார் என்கிற பசுமைப் பாதை.

முழுவதையும் ஒரே நாளில் நடக்க நினைக்காதீர்கள். கிங் ஆல்பர்ட் பார்க் எம்ஆர்டி நிலையத்தில் இறங்கினால் சற்று நடையில் பழைய புக்கிட் தீமா ரயில் நிலையம் வந்துவிடும். 1932ல் கட்டிய சின்னக் கட்டடம். புதுப்பிக்கப்பட்டு 2022ல் மீண்டும் திறக்கப்பட்டது. அங்கிருந்து ஹில்வியூ எம்ஆர்டி வரை ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர். ரயிலால் செங்குத்தான மேட்டில் ஏற முடியாது என்பதால் பாதையைப் பெரும்பாலும் சமமாகவே போட்டிருக்கிறார்கள். முழங்கால் வலி உள்ளவர்களும் பயமில்லாமல் நடக்கலாம். இரு பக்கமும் மரங்கள். மீன்கொத்தி அடிக்கடி கண்ணில் படும். கடைசியில் ரயில் மால் கடைகளுக்குப் பக்கத்தில், சாலைக்கு மேலே பழைய இரும்புப் பாலம். அதைத் தாண்டிப் பசியாறிவிட்டு வீட்டுக்குத் திரும்பினால் மதியச் சமையலுக்குக்கூட நேரம் இருக்கும். வெளியில் சாப்பிடலாம் என்று யாராவது சொன்னால் மறுக்காதீர்கள்.

புக்கிட் தீமா நிலையத்தில் அந்தக் காலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே ரயில்கள் வந்துவிடக்கூடாது என்பதற்காக, நிலைய ஊழியரும் ரயிலில் இருப்பவரும் ஓர் அடையாளச் சாவியைக் கைமாற்றிக்கொள்வார்கள். சாவி கைக்கு வந்தால்தான் ரயில் அடுத்த பகுதிக்குள் போகலாம். இதைக் கேட்டதும் எங்கள் மூத்தவர், "நம்ம வீட்டுல அந்தச் சாவி யாரு கையிலம்மா இருக்கு?" என்றார். சிரித்து முடிக்க வெகுநேரம் ஆனது. சிரித்த பிறகு கொஞ்ச தூரம் யாரும் பேசவில்லை.

இந்தப் பாதையில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. மலாயா ரயில்வேயில் தண்டவாளம் போட்டவர்களிலும் அதைப் பராமரித்தவர்களிலும் தமிழ்த் தொழிலாளர்கள் ஏராளம். குவீன்ஸ்வே பக்கம் தண்டவாளத்தை ஒட்டி ரயில் ஊழியர்கள் வழிபட்ட சிறு கோயில்தான், இன்று காமன்வெல்த் டிரைவில் இருக்கும் ஸ்ரீ முனீஸ்வரன் கோயில். எங்களில் ஒருவருடைய தாத்தா ரயில்வேயில் வேலை பார்த்தவர். தாத்தா வெயிலில் நின்ற பாதையில் பேத்தி முதன்முதலாகக் கால் வைத்தது தன் 54ஆவது வயதில். அதுவரை அந்தப் பக்கம் போக அவருக்கு ஒரு வேலையும் வரவில்லை!

நடையின் இன்னொரு சுகம் பேச்சு. எதிரெதிரே உட்கார்ந்து பேசும்போது முகத்தைப் பார்க்க வேண்டும், பதில் சொல்ல வேண்டும். பக்கத்தில் நடக்கும்போது இரண்டு பேர் கண்ணும் பாதையில் இருக்கும். சொல்ல வந்ததைப் பாதியில் நிறுத்தலாம். பத்து நிமிடம் கழித்துத் தொடரலாம். படுக்கையில் இருக்கும் மாமியாரைப் பல வருடங்களாகப் பார்த்துக்கொள்ளும் ஒரு தோழி, "எனக்கு முடியலக்கா" என்று முதன்முதலாகச் சொன்னது இப்படி நடந்துகொண்டிருந்தபோதுதான். நாங்கள் யோசனை எதுவும் சொல்லவில்லை. அவர் வேகத்துக்கு நடையைக் குறைத்துக்கொண்டோம். அடுத்த மாதத்திலிருந்து, எங்கள் நடை நாளில் இரண்டு மணி நேரம் அம்மாவின் பக்கத்தில் இருப்பது அவர் கணவரின் பொறுப்பானது. கேட்டதும் ஒப்புக்கொண்டாராம். இத்தனை வருடங்களாக அவர் கேட்கவே இல்லை.

இந்த ஒரு செய்திக்காகவே இந்தப் பத்தியை ஆண்களும் படிக்க வேண்டும். அக்காவோ மனைவியோ அம்மாவோ நடக்கப் போனால், திரும்பி வரும்வரை வீட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். "எப்ப வருவே?" என்று நடுவில் வாட்ஸ்அப் அனுப்பாதீர்கள்.

அவசரமில்லாத பயணம் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள விமானச் சீட்டு வேண்டாம். சாங்கி முனைப் படகுத்துறைக்குப் போங்கள். புலாவ் உபினுக்குப் போகும் படகுக்கு நேர அட்டவணை கிடையாது. 12 பேர் சேர்ந்தால் புறப்படும். அதுவரை பெஞ்சில் உட்கார்ந்து கடலைப் பார்க்க வேண்டியதுதான். சிங்கப்பூரில் வேறெங்கே நம்மை இப்படி உட்கார வைப்பார்கள்? பத்துப் பதினைந்து நிமிடத்தில் தீவு. அங்கே செக் ஜாவாவில் கடலோரமாகவும் சதுப்புநிலக் காட்டுக்குள்ளும் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நடைபலகைப் பாதை இருக்கிறது. அந்த இடத்தையும் நிலமாக மீட்கத் திட்டம் இருந்தது. இயற்கை ஆர்வலர்களும் பொதுமக்களும் போய்ப் பார்த்து, எடுத்துச் சொன்னதால் 2001 டிசம்பரில் அது ஒத்திவைக்கப்பட்டது. கடல் வற்றும் நேரம் பார்த்துப் போனால், அவர்கள் எதைக் காப்பாற்றினார்கள் என்பது புரியும்.

தொடங்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். இங்கே விடியவே ஏழு மணி ஆகிவிடும்; விடிந்ததும் புறப்பட்டால் வெயிலுக்கு முன் முடிக்கலாம். தண்ணீர், தொப்பி, குடை போதும். இடி கேட்டால் கூரைக்குக் கீழே போய்விடுங்கள். பழைய காலணியே போதும். புதிது வாங்கிய பிறகுதான் என்றால் அந்த ஞாயிறு வராது. முதல் நாள் மின்தூக்கியில் பார்த்துச் சிரிக்கும் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். அவரும் யாராவது கூப்பிடுவார்களா என்று காத்திருக்கலாம்.

நாங்கள் இப்போது ஏழு பேர். இன்னும் ஐந்து பேர் சேர்ந்தால், உபின் படகுக்கு யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.